கெளுத்தி முள் குத்தினால்: வெந்நீர் முதல் ஊசி வரை

கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா களைகட்டிவிடும். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே இறங்கும். சேறு கலங்கிய தண்ணீரில் ஊத்தா என்ற அடியில்லாத மூங்கில் கூடையை அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவுகிறோம். விராலை எதிர்பார்த்த கையில் கெளுத்தி குத்திவிடுகிறது.

கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. மிரண்டால் மூன்றையும் விறைப்பாக நிமிர்த்திக்கொள்ளும், அமுக்கினாலும் மடங்காது. முள்ளின் ஓரத்தில் ரம்பம்போல் பல், மேலே மெல்லிய தோலுறை. குத்தும்போது உறை கிழிந்து அதிலுள்ள விஷம் சதைக்குள் இறங்குகிறது. அதனால்தான் சின்ன ஓட்டைக்கு அவ்வளவு கடுப்பு. கெளுத்திக்கு உறவான தேளி மீன் குத்தினால் வலி இன்னும் கடுமையாக இருக்கும்.

இந்த விஷம் புரதம். சூடு பட்டால் செயலிழக்கும். காயத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு செம்பு கொதிநீருக்கு நான்கு செம்பு பச்சைத் தண்ணீர் கணக்குச் சரியாக வரும். குடத்துத் தண்ணீராக இருக்கட்டும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுட்டுக் கிடக்கும், அதைக் கலந்தால் தோல் வெந்துவிடும். குத்துப்பட்ட கை மரத்துப்போயிருக்கும் என்பதால் சூட்டை மற்றக் கையால்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். ஐஸ் வைப்பது இதற்கு நேர் எதிரான வைத்தியம். இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: குத்திய மீனைக் கண்ணால் பார்க்காவிட்டால் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கை காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். வெந்நீருக்காகக் காத்திருக்காதீர்கள். இரண்டு பல் பதிந்திருக்கிறதா என்று ஆராய்வதில் பயனில்லை, பாம்பு கடித்தும் ஒரே தடம் இருக்கலாம்.

வலி அடங்கியதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே முறிந்த முள் துணுக்கு, தோலுறைத் துண்டு, சேறு மூன்றும் தங்கினால் சீழ் பிடிக்கும். ஆழமான குத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஓட்டையைத் தையல் போட்டு மூடக் கூடாது. குளத்துத் தண்ணீரில் ஏரோமோனஸ் என்ற பாக்டீரியா உண்டு, ஒரே நாளில் சிவப்பும் வீக்கமும் மேலே ஏறிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் அதற்குப் பெரும்பாலும் கேட்காது. அதனால் எந்தத் தண்ணீரில் குத்தியது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் வீக்கத்துக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சர்க்கரையால் பாத உணர்வு குறைந்தவருக்குக் குத்தியதே தெரியாமல் போகலாம். கண்மாயிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி உள்ளங்காலைப் பாருங்கள்.

கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசி தேவை.

தூண்டில் முள் ஏறினால் முதலில் தூண்டில் கயிற்றை அறுத்து மீனைப் பிரியுங்கள். தூண்டில் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் உள்ளே போயிருந்தால் வந்த வழியே இழுக்கக் கூடாது, சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். கண்ணில், கழுத்தில், மூட்டில் பட்டிருந்தால் தொடவே வேண்டாம். கண்ணுக்கு மேல் காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, அழுத்தாமல் ஒட்டி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். தூண்டில் போடும் முன்பே குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதனால் சில மீன் நழுவலாம், போகட்டும்.

குத்து கண்மாயோடு முடிவதும் இல்லை. செத்த கெளுத்தியும் குத்தும். அரிவாள்மனையில் அலசி ஆயும்போது வழுக்கி, பக்கமுள் விரலில் இறங்குவதைச் சமையலறைகளில் அடிக்கடி பார்க்கலாம். தலைப்பக்கத்தைத் தடித்த துணியால் பிடித்து, குறட்டால் மூன்று முள்ளையும் அடியோடு முறித்துவிட்டு அதன்பிறகு சாம்பல் போட்டுத் தேயுங்கள். முறித்த முள்ளைக் கழுவிய தண்ணீரோடு கொல்லையில் கொட்டாமல் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள், வெறுங்காலோடு நடமாடும் இடம் அது.