சீல் மாற்றியும் லோடர் இறங்குகிறதே, ஏன்?

சின்ன டிராக்டரில் முன்பக்க லோடர் மாட்டியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தால், சாப்பிட்டு வருவதற்குள் பக்கெட்டைத் தாங்கும் லோடர் கை தரைக்கு வந்துவிடுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் சீல் மாற்றியாயிற்று. பயனில்லை."

பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான். பம்பு தள்ளும் எண்ணெய் வால்வு வழியாகச் சிலிண்டரின் அடிப்பக்கம் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த தண்டான ராடு வெளியே நீள, கை உயர்கிறது. லீவரை நடுவில் விட்டால் சிலிண்டரின் இரண்டு வாய்களும் அடைபடும். அதன்பின் கை இறங்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் எங்காவது போயாக வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையமான பிஸ்டன் சீல் தேய்ந்தால், அடிப்பக்க எண்ணெய் ராடு இருக்கும் மேல்பக்கம் நழுவிவிடும், கை இறங்கும் என்பதுதான் பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லும் காரணம். இந்தக் கணக்கில் ராடை விட்டுவிடுகிறார்கள்.

சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., ராடின் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் 1 செ.மீ. இறங்கினால் அடிப்பக்கத்திலிருந்து 19.6 கன செ.மீ. எண்ணெய் வெளியேற வேண்டும். மேல்பக்கத்தில் ராடும் கூடவே இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அங்கே புதிதாகக் கிடைப்பது 12.6 கன செ.மீ. மட்டுமே. மீதி 7 கன செ.மீ. எண்ணெய் எங்கே போகும்? போக இடமில்லை. வால்வு மட்டும் சொட்டுக்கூட விடாமல் பிடித்தால், சீலைக் கழற்றி எறிந்துவிட்டாலும் கை சற்றே அமிழ்ந்து அப்படியே நின்றுவிடும்! அப்போது சுமையைத் தாங்குவது ராடின் குறுக்குப் பரப்பு மட்டும். அதனால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஆகவே வெளியே எங்கும் எண்ணெய் ஒழுகாமல் கை இறங்கிக்கொண்டே இருந்தால் வால்வு எண்ணெயை விடுகிறது என்று அர்த்தம். வால்வுக்குள் நகரும் ஸ்பூலுக்கு ரப்பர் அடைப்பு கிடையாது. இரும்புத் துளைக்குள் இரும்பு உருளை, இடையில் சில மைக்ரான் இடைவெளி, அவ்வளவுதான். கசிவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளரும். தேய்ந்து இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு. எண்ணெய் சூடாகி இளகினால் இன்னும் வேகம். காலையில் நின்ற கை மத்தியானம் இறங்குவதைக் கண்திருஷ்டி என்பவர்களும் உண்டு. எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு விட்டால் சில்லறைச் செலவு. காரணம் பார்க்காமல் சீல் கிட் வாங்குவதுதான் கையைக் கடிக்கும் சடங்கு.

அதற்காகச் சீல் அப்பாவி என்று விட்டுவிடவும் முடியாது. அது கெட்டால் ஏறும் அழுத்தம், வால்வின் கசிவையும் கூட்டும். பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டரிலோ கதையே வேறு. பெரும்பாலான லோடர்களில் அங்கே சுமை ராடை வெளியே இழுக்கிறது. எண்ணெய் அடிப்பக்கம் நழுவினால் அங்கே தேவைக்கு மேலேயே இடம் உண்டு, வெற்றிடம்கூட உண்டாகும். அங்கே கெட்ட சீல் ஒன்றே போதும், பக்கெட் தலைகுப்புறச் சாயும்.

சிலிண்டரின் இரு வாய்களையும் அடைத்துப் பார்க்கும் சோதனை பிரபலம். கை நின்றுவிட்டால் வால்வு கசிவது உறுதி. ஆனால் மேலே சொன்ன காரணத்தால் சீல் நல்லதென்று ஆகிவிடாது. சீலைச் சோதிக்க, பிஸ்டனை ஒரு முனை வரை ஓட்டி நிறுத்தி, அழுத்தம் இல்லாத பக்கத்துக் குழாயைக் கழற்றி, மறுபக்கம் அழுத்தம் கொடுக்க வேண்டும். கழற்றிய வாயில் எண்ணெய் நிற்காமல் வந்தால் சீல் போய்விட்டது. ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே பாருங்கள். தூக்கிய கைக்கு இரும்பு முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது. கசிவைத் தேடி விரலால் தடவவும் கூடாது, ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: ராடில் கோடு போட்டு, பத்து நிமிடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஸ்பூல் வால்வு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். சர்வீஸ் புத்தகத்தில் அனுமதி அளவு இருந்து, உங்கள் அளவு அதற்குள் அடங்கினால் வண்டியில் கோளாறே இல்லை.