கழுத்து வலிக்கு அக்குபங்சர் ஊசி குத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மெஷினில் குனிந்திருந்து எழுபவரைக் கவனியுங்கள். கை நேராகப் பின்கழுத்துக்குத்தான் போகும். தலை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனிய, அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளின் சுமை பல மடங்காகிறது. பின்மண்டையிலிருந்து தோள் வரை இறங்கும் ட்ரபீசியஸ் தசை மணிக்கணக்கில் இறுகியே கிடந்தால், அழுத்தினால் உயிர் போகும் முடிச்சுகள் அதில் தோன்றும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி.

"ஊசிக்குள்ள என்ன மருந்துங்க இருக்குது?" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை. அக்குபங்சர் ஊசிக்குத் துளையே கிடையாது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி, அவ்வளவுதான்.

பின்மண்டை எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் இருபுறமும் குழி தட்டுப்படும். ஊசி குத்தும் இடங்களில் ஒன்றான ஃபெங்சி என்னும் புள்ளி அது. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் இருப்பது ஜியான்ஜிங். இதற்கு அடியில்தான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம் என்பதால், கற்றுக்குட்டிகளிடம் தோளைக் கொடுக்கக் கூடாது.

குத்திய ஊசியை மெல்லத் திருகும்போது, தோலுக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவின் நார்கள், தார்க்குச்சியில் நூல் ஏறுவதுபோல அதில் சுற்றிக்கொள்கின்றன. கனமாக ஒரு மந்த வலி பரவும். இழுபட்ட இடத்து நரம்புகள் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சேதி அனுப்ப, உடலே தயாரிக்கும் வலிநிவாரணியான எண்டார்பின் சுரக்கிறது. ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடி வலியைத் தணிப்பதை, 2010இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் எலிகளில் கண்டார்கள்.

சரி, 'சி' என்ற சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகள்? உடலை அறுத்துப் பார்த்தவர் எவரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆய்வுகளில் பொய்யாக (வேறு இடத்திலோ, தோலைத் துளைக்காமலோ) ஊசி குத்தப்பட்டவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைகிறது. நிஜ ஊசி கொஞ்சம்தான் முந்துகிறது. இடத்தைவிடக் குத்தலும் கவனிப்பும் சேர்ந்துதான் பெரும்பங்கு வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு. ஆனால் கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ ஊசியைத் தேடாமல் முதலில் நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

பிரிட்டனில் 517 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் வலி குறைந்தே இருந்தது. அவர்களுக்குத் திட்டமிட்டவை தலா 50 நிமிடமாகப் 12 அமர்வுகள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அத்தனையும் கூலி இழப்பு. இரண்டாம் தடவையோடு "கேக்கலீங்க" என்று நிறுத்திவிடுவதில் வியப்பில்லை.