ரிவர்ஸ்: ஜாங்கோவில் எதைத் திருப்புகிறோம்?

பைத்தான் நிரல்மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் பழகும்போது எல்லோரும் ஒருமுறை முழிக்கும் சொல் ரிவர்ஸ். பைத்தான் பட்டியலில் ரிவர்ஸ் என்றால் கடைசி முதலாகும், சரி. ஜாங்கோவின் ரிவர்ஸ் எதையும் தலைகீழாக்குவதில்லை, ஒரு பக்கத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தருகிறது, அவ்வளவுதான்.

திரும்பு என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இங்கே திரும்புவது திசை. உலாவியிலிருந்து முகவரி வருகிறது, ஜாங்கோ அதற்குரிய வியூவை (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்துண்டு) கண்டுபிடிக்கிறது, இது நேர்வழி. வியூவின் பெயரை வைத்து முகவரியைக் கேட்டால் எதிர்வழி. வேடிக்கை என்னவென்றால், பெயரை வைத்து முகவரி தேடுவதுதான் நமக்கெல்லாம் நேர்வழி, சர்வர் பக்கம் நின்று பார்ப்பவருக்குத்தான் அது ரிவர்ஸ்.

தளத்தின் தரவை நிர்வகிக்க உதவும் அட்மின் பக்கங்களுக்கு இந்தப் பெயர்களை ஜாங்கோவே வைத்துவிடுகிறது. அட்மின் என்று எழுதி முக்காற்புள்ளி, அப்புறம் ஆப்பின் (தளத்தின் ஒரு பகுதி) பெயர், அடிக்கோடு, மாடலின் (ஒருவகைத் தரவின் வடிவம்) பெயர், அடிக்கோடு, கடைசியில் செயல்: பட்டியலுக்கு சேஞ்ச்லிஸ்ட், புதிதாகச் சேர்க்க ஆட், திருத்த சேஞ்ச், இவை தவிர டிலீட், ஹிஸ்டரி. மாடல் பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில், இடையில் அடிக்கோடு இல்லாமல் வர வேண்டும். பிளாக்போஸ்ட் என்ற மாடலை இரண்டு சொல்லாகப் பிரித்து அடிக்கோடு போட்டால் 'நோரிவர்ஸ்மேட்ச்' என்று பிழை வந்து நிற்கும். 7ஆம் பதிவைத் திருத்தும் பக்கம் வேண்டும், ஆனால் 7ஐ ஆர்க்ஸில் (ரிவர்ஸுக்குக் கூடுதல் மதிப்புகளைத் தரும் இடம்) தர மறந்துவிட்டீர்கள் என்றாலும் அதே பிழைதான்.

கையாலேயே முகவரியை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். ஜாங்கோ 1.9இல் திருத்தும் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் சேஞ்ச் என்ற துண்டு புதிதாக ஒட்டிக்கொண்டது. அதைக்கூட விடுங்கள், பாதுகாப்புக்காக அட்மினை வேறு பாதைக்கு மாற்றுபவர்கள் நிறைய, மாற்றிய அன்றே கையால் எழுதிய இணைப்புகள் எல்லாம் 404, அதாவது பக்கம் இல்லை என்று காட்டும்.

தமிழில் என்ன சொல்வது? 'தலைகீழ்' பட்டியலுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 'முகவரி மீட்பு' என்றால் எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு திசையையும் ஒப்பிட்டுச் சொல்லும் இடத்தில் 'பின்தேடல்' போதும். மற்ற இடங்களில் திசையைப் பற்றிய பேச்சே வேண்டாம், 'முகவரியாக்கம்' என்றே எழுதலாம் என்பது என் கட்சி.