பட்டியலில் பெயர் இருக்கிறதென்று மெஷின் வாங்கிவிடாதீர்கள்: ராணுவ டெண்டருக்குப் போகும் சிறு தொழில்காரர்களுக்கு

2020 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் 101 பொருட்களைப் பட்டியல் போட்டு, இவற்றை இனி வெளிநாட்டில் வாங்கப்போவதில்லை என்றது. 2023க்குள் ஐந்து பட்டியல்கள் ஆகிவிட்டன. பின்னணி இவ்வளவு போதும்.

அதை நம்பிக் கடனில் சிஎன்சி மெஷின் (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) இறக்கிவிட்டு, ஆர்டர் வராமல் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் இறக்குமதியைத்தான் தடுக்கிறது. எத்தனை வாங்குவோம், எப்போது வாங்குவோம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. 2020 லடாக் மோதல், 2025 மே ஆபரேஷன் சிந்தூர் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு ட்ரோன், ட்ரோனை வீழ்த்தும் கருவி என அவசரக் கொள்முதல் பக்கம் பணம் திரும்பியது. அப்படித் திரும்பும்போது உங்கள் பொருள் தள்ளிப்போனால் யாரும் கடிதம் போட்டுச் சொல்லப்போவதில்லை.

சரி, டெண்டர் வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் உத்யம் சான்றிதழை, அதாவது சிறு தொழில் என்று அரசில் பதிந்த சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். அதில் வியாபாரம் என்று இருந்தால் கொள்முதல் சலுகை கிடையாது, உற்பத்தி என்று இருக்கவேண்டும். நடுத்தர நிறுவனத்துக்கும் கிடையாது. குறு, சிறு மட்டும்தான். டெண்டர் போடும்போது வைக்கும் முன்பணமான இஎம்டி கட்டவேண்டாம் என்பது உண்மை, ஆனால் ஒழுங்காகச் செய்துகொடுப்போம் என்று ஆர்டர் கிடைத்தபின் கேட்கும் பெர்ஃபாமன்ஸ் கியாரண்டிக்கு விலக்கு இல்லை, அதற்கு வங்கியில் பணம் முடங்கும். அனுபவம், டர்ன்ஓவர் தளர்வும் தானாக வராது. அரசு கொள்முதல் நடக்கும் ஜெம் போர்ட்டலில் அந்த டெண்டரிலேயே தளர்வு உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். 'இல்லை' என்றிருந்தால் அதோடு விடுங்கள், அலுவலகத்தில் போய்ப் பேசிச் சரிசெய்யலாம் என்று அலையாதீர்கள்.

பலரை நிஜமாகச் சாய்ப்பது ராணுவம் கேட்கும் 'நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்' சோதனை. சாம்பிள் செய்வதும், கொண்டுபோவதும், பனியிலும் பாலைவனத்திலும் ஓட்டிக் காட்டுவதும் உங்கள் செலவு. தேறினாலும் வாங்கியாகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. (பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த மட்டுக்கு நேர்மைதான்.) புதுக் கண்டுபிடிப்புகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் தரும் ஐடெக்ஸ் மானியமும் முழுப் பணமில்லை: முன்மாதிரி செய்ய உதவும் ஸ்பார்க் பிரிவில் 1.5 கோடி ரூபாய் வரை கொடுப்பார்கள், அதற்கு ஈடாக நீங்களும் போடவேண்டும், அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

பொருளின் மதிப்பில் எவ்வளவு இந்தியாவிலேயே ஆனது என்ற உள்நாட்டுப் பங்கு சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். பொய் என்று தெரிந்தால் இரண்டு வருடம் வரை டெண்டரிலிருந்து விலக்கிவைக்கலாம். 2025 தொடக்கத்தில் சீன உதிரிபாகம் இருந்ததால் 400 ட்ரோன்களுக்கான ஆர்டர்களே ரத்தாயின. உங்களுக்கு மோட்டாரும் போர்டும் விற்றவர் அதை எங்கிருந்து வாங்கினார் என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

அப்புறம் பில். பொருளை ஏற்றதிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் வரவேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. "இன்ஸ்பெக்ஷன் முடியவில்லை" என்று வாயால் சொல்லி இழுப்பார்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லையென்றால் இறக்கிய நாளே ஏற்ற நாள் என்பது சட்டம், அதனால் இறக்கும்போதே தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பணம் வராவிட்டால் இதற்கென்று அரசு வைத்திருக்கும் போர்ட்டலில் புகார் போடலாம். உத்யம் பதிவு ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருக்கட்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். பெரிய கம்பெனிக்கு சப்-கான்ட்ராக்டில் செய்துகொடுத்தாலும் இதே 45 நாள்தான். "எங்களுக்கு ராணுவத்திலிருந்து வந்தால்தான் உங்களுக்கு" என்று அவர்கள் சொல்வது சட்டத்தில் இல்லை.