சாய்ஸுக்குள்ள மேண்டேட்டரி போட்டா மட்டும் போதாது

யாங் (நெட்வொர்க் டிவைஸோட கான்ஃபிக் எப்படி இருக்கணும்னு எழுதுற மொழி) மாடல் ரிவ்யூ பண்றப்போ நான் திரும்பத் திரும்ப பாக்குற தப்பு, பல வழியில ஒண்ணத் தேர்ந்தெடுக்கச் சொல்ற சாய்ஸுக்கு உள்ள மட்டும் மேண்டேட்டரி, அதாவது கட்டாயம்னு எழுதி விட்டுடுறது. மாடல சரிபாக்குற டூலான பியாங்ல போட்டா எர்ரரே வராது, ஏன்னா எழுதினது சட்டப்படி சரிதான், டிவைஸுக்கு போனப்புறம்தான் வினையே.

ஒரு டனல் மாடல். சோர்ஸா ஐபி அட்ரஸ் கொடுக்கலாம், இல்ல இன்டர்ஃபேஸ் பேரு கொடுக்கலாம், ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா வேணும். ஒரு சாய்ஸ், உள்ள ரெண்டு லீஃப் (ஒரே ஒரு மதிப்பு வைக்கிற இடம்), ரெண்டுக்கும் மேண்டேட்டரி ட்ரூன்னு எழுதியிருந்தாங்க. வாசிச்சா யாருக்குமே சரின்னுதான் தோணும், எனக்கும் தோணுச்சு. சோர்ஸே இல்லாம கான்ஃபிக் கமிட் ஆகிடுச்சு, டனல் எழும்பல, நாங்க விடிய விடிய ரூட்டிங்ல தேடிட்டு இருந்தோம்.

யாங்கோட விதிகள் இருக்குற ஆர்எஃப்சி 7950ல 7.6.5வது பகுதிய நிதானமா படிங்க. லீஃப்ல இருந்து மேல ஏறிட்டே போய், ப்ரெசென்ஸ் இல்லாத (சும்மா அடுக்கி வைக்க மட்டும் இருக்குற) கன்டெய்னரையெல்லாம் விட்டுட்டு, முதல்ல நிக்கிறது கேஸா, அதாவது சாய்ஸ்ல ஒரு வழியா இருந்தா, அந்த கேஸோட ஏதாவது ஒரு நோட் (மாடல்ல உள்ள ஒரு உறுப்பு) டேட்டால இருந்தா மட்டும்தான் லீஃப் கட்டாயம். சாய்ஸுக்கு நேர் கீழ லீஃப் எழுதினா அதச் சுத்தி ஒரு கேஸ் இருக்குறதாதான் யாங் எடுத்துக்கும், அந்த கேஸ்ல இருக்குறதே அந்த ஒரே லீஃப்தான். ஆக ரூல் என்ன ஆகுதுன்னா, லீஃப் இருந்தா லீஃப் இருக்கணும். இதுல யாரையும் எதுவும் தடுக்காது.

மேண்டேட்டரிய சாய்ஸ் மேலயே போடுங்க. அப்போ ஏதாவது ஒரு கேஸ்ல இருந்து ஒரு நோடாவது வந்தே ஆகணும், இல்லன்னா டேட்டா-மிஸ்ஸிங் எர்ரரோட மிஸ்ஸிங்-சாய்ஸ்னு பளிச்சுன்னு சொல்லிடும். உள்ள போடுற மேண்டேட்டரிக்கு வேற வேலை இருக்கு, ஒரு கேஸ்ல யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டும் சேர்ந்து வரணும்னா அங்க அது அவசியம். டிஃபால்ட் கேஸுக்கு நேர் கீழ மட்டும் மேண்டேட்டரி நோட் வைக்கக் கூடாது, மேண்டேட்டரி சாய்ஸுக்கு டிஃபால்ட்டும் கொடுக்க முடியாது.

இத ரிலீஸுக்கு முன்னாடியே பாத்துடணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. வெளியிட்ட மாட்யூல்ல மேண்டேட்டரிய எடுக்கலாம், ட்ரூவ ஃபால்ஸ் ஆக்கலாம், ஆனா புதுசா சேர்க்க அப்டேட் ரூல் விடாது, ஏற்கனவே ஓடிட்டு இருக்குற கான்ஃபிக் செல்லாம போயிடும்ல.

நான் இப்போ ஒண்ணு கண்டிப்பா வேணும்ங்கிற எந்த சாய்ஸப் பாத்தாலும், அதுல எதுவும் கொடுக்காம (இந்த டனல்னா பேர மட்டும் வச்சு, சோர்ஸ் இல்லாம) ஒரு சின்ன எக்ஸ்எம்எல் எழுதி, டேட்டா மாடலுக்கு ஒத்துப் போகுதான்னு பாக்குற டூலான யாங்லின்ட்ல கொடுத்துப் பாக்குறேன், அது எர்ரர் அடிக்கலன்னா மாடல திருப்பி அனுப்பிடுவேன்.