மீயோபெந்தோஸ்: 'நுண்ணுயிரி' என்பது சரியா?

அரிசி இடித்துச் சலிக்கும்போது எங்கள் ஆயா இரண்டு சல்லடை வைத்துக்கொள்வார்கள். பெரிய கண் சல்லடையில் நிற்பது குருணை. அதில் விழுந்து சன்னச் சல்லடையில் நிற்பது ரவை. அதிலும் இறங்குவதுதான் மாவு. கடலடிச் சேற்று உயிர்களையும் இப்படித்தான் சலித்துப் பிரிக்கிறார்கள். ரவையின் இடத்தில் நிற்பவை மீயோபெந்தோஸ்.

கிரேக்கத்தில் 'மெயோன்' என்றால் ஒன்றைவிடச் சிறியது; 'பெந்தோஸ்' என்றால் கடலின் ஆழம். கடலடி உயிர்களுக்கு பெந்தோஸ் என்று 1890இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். கடல் உயிரியலாளர் மோலி மேர் 1942இல் மீயோபெந்தோஸ் என்ற சொல்லை உருவாக்கினார். 1 மி.மீ. சல்லடையில் நழுவி 63 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் தங்குபவை என்பது பொதுவான கணக்கு. சிலர் இன்னும் சன்னமான சல்லடை வைப்பார்கள்.

மீயோபெந்தோஸை 'நுண்ணுயிரி' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பாக்டீரியாதான் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பகுதி பிராணிகள். நூல்போன்ற உடல்கொண்ட நூற்புழுவுக்கு வாயும் குடலும் நரம்பும் உண்டு. இறாலுக்கு உறவான பொடிப் பிராணி துடுப்புக்காலி; அதில் பெண் முட்டைப் பையைச் சுமந்துகொண்டே மணலிடுக்கில் நகரும். ஆகவே 'கடலடிச் சிற்றுயிர்' என்பேன். மெயோனுக்குச் சிறுமை, பெந்தோஸுக்குக் கடலடி. இரண்டும் அதில் வந்துவிடுகின்றன.

பிராணி என்று தெரிந்தால்தான் கன உலோகம் செய்யும் கேடும் புரியும். காரீயம், தாமிரம், காட்மியம், பாதரசம் எல்லாம் தண்ணீரில் கரைந்தே கிடப்பதில்லை. சன்னமான வண்டலில் ஒட்டி அடியில் படிகின்றன. மீன் நீந்தி விலகலாம். சிற்றுயிர்களில் பெரும்பாலானவை பிறப்பதும் சாவதும் அதே சேற்றில். மட்டிக்கும் சிப்பிக்கும் இருப்பது போல நீரில் மிதந்து வேறிடம் போகும் குஞ்சுப் பருவம் இவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. தாமிரம் கூடினால் துடுப்புக்காலிகள் முதலில் குறையும். முட்டை குறையும், குஞ்சு தேறாது. நூற்புழுக்களில் சில இனங்கள் தாங்கிக்கொண்டு பெருகும். அதனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கடலடி நலமாக இருப்பதுபோலத் தெரியும். எந்த இனம் போயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டுக்குக் கடல் என்றால் தேவகோட்டை வழியாகப் போய்ச் சேரும் தொண்டிக் கடற்கரைதான். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் அங்கேதான். கரையோரச் சேற்றில் கால் வைத்தால் மேலே பழுப்பு. ஒரு விரல் ஆழத்தில் கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அந்த வாடைக்குக் காரணம் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். அதுவே உலோகங்களைப் பிடித்தும் வைக்கிறது. சரி, பிடித்ததோடு முடிந்ததா என்றால் இல்லை. இழுவலையோ தூர்வாரலோ சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால் பிடி தளரும், உலோகம் மறுபடி வெளியே வரும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் பெயின்ட்டில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். சுரண்டும்போது விழும் தூளும் இதே சேற்றுக்குத்தான் போகிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்தச் சேற்றைக் கிளறித்தான் சிற்றுயிரைப் பொறுக்கித் தின்கின்றன.