'க'வில் தடுக்கும் விரல்

வயலின் கற்க ஆரம்பித்து ஏழெட்டு மாதமான பையன் முதல் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடமான ச-ரி-க-ம பயிற்சியை, வாசிக்கிறான். ச சரி, ரி சரி, க மட்டும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. முகத்தைச் சுளித்து நிறுத்துகிறான். மறுபடி ச-விலிருந்து ஆரம்பிக்கிறான். மறுபடி அதே இடம்.

குற்றம் காதில் இல்லை. இந்த வரிசை அமைந்த ராகமான மாயாமாளவகௌளையில் ரி-க இடைவெளி பெரிது. ஆர்மோனியத்தில் எண்ணினால் ரி-யிலிருந்து மூன்றாவது கட்டைதான் க. ம அதற்கு அடுத்த கட்டையே. ஆகவே நடுவிரல் ஆட்காட்டி விரலை விட்டு நன்றாக விலகி, மோதிர விரலை ஒட்டி உட்கார வேண்டும். சின்னக் கைக்கு அது பழக்கமில்லாத வேலை. இடத்தைக் காட்ட, வீணையில் இருப்பதுபோல் வயலினில் மெட்டும் கிடையாது.

அரை மணி நேரத்தில் அவன் எதைச் சாதகம் செய்தான் என்று பாருங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட ச-வும் ரி-யும் முப்பது முறை. தப்பான க-வும் முப்பது முறை. மூளை சரி, தப்பு பார்த்துச் சேமிப்பதில்லை. அடிக்கடி நடந்த பாதை பலப்படுகிறது, அவ்வளவுதான். 'க-வில் நிறுத்து, ச-வுக்குப் போ' என்பதும் பாடத்தோடு சேர்ந்து மனப்பாடமாகிவிடுகிறது.

இதைத் 'தசை நினைவு' என்பார்கள். தசைக்கு ஞாபகமெல்லாம் கிடையாது, நடப்பதெல்லாம் மூளையில். 1995-இல் மூளை ஆய்வாளர் தாமஸ் எல்பர்ட் குழுவினர் தந்தி வாத்தியக்காரர்களின் மூளையை அளந்தார்கள். இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது; சிறு வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் அதிகம். வில் பிடிக்கும் வலது கையில் அப்படி வித்தியாசம் இல்லை.

ஒரே பாடத்தை மூன்று வேகத்தில் வாசிக்கச் சொல்லும் மூன்று காலத்துக்கும் இங்கே காரணம் இருக்கிறது. முதல் காலத்தில் தாளத்தின் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், மூன்றாவதில் நான்கு. தட்டுக்கு ஒரு நொடி என்றால் ஸ்வரத்துக்குக் கால் நொடி. காது கேட்டு, பிசகென்று உணர்ந்து, விரலை நகர்த்துவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து நிற்கும். வேகத்தில் விரல்கள் முன்பே கோத்து வைத்த சரமாகத்தான் ஓடும். திருத்தம் எல்லாம் முதல் காலத்தில்தான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 17 பியானோ மாணவர்களுக்குக் கடினமான ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. மறுநாள் யார் நன்றாக வாசித்தார்கள் என்பதற்கும், எவ்வளவு நேரம், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பில்லை. முதலிடம் பிடித்தவர்களும் தப்பு செய்தவர்கள்தான். ஆனால் தப்பின் இடத்தை உடனே பிடித்து, வேகத்தைக் குறைத்து, அது நிலைக்கும்வரை விடவில்லை. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் தேர்ச்சி வரும் என்ற கணக்கை எல்லோருக்கும் ஒப்பிப்பவர்கள் இதையும் கொஞ்சம் சொல்லலாம்.

நம் பையனுக்கு வேண்டியது ரி-க-ம, ம-க-ரி. மூன்றே ஸ்வரம், சுருதிப் பெட்டியோடு, க-வில் நின்று கேட்டு. அப்புறம் முன்னால் ச, பின்னால் ப. அவை இரண்டுக்கும் விரலே வைக்க வேண்டாம், வெறும் தந்தி.